முகம் தெரிகிற மாதிரி ஒரு படம்

மாதா துணை

ரீட்,
6 மார்ச் 1961

அன்பு மகள் ஹேடிக்கு,

நான் இங்கே சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் தவக்காலத்தில் பொய் எழுதக் கூடாது. வயிற்றில் இருப்பது புண் இல்லையாம். புண் இல்லை என்றால் வேறென்ன என்று டாக்டரைக் கேட்டேன். மனுஷன் ஜன்னலைப் பார்த்தார். புரிந்துகொண்டேன். புகையிலைக் கடையில் இப்போது பக்கத்து வீட்டு பிர்கர் அம்மாள்தான் உட்காருகிறாள். சுருட்டு கேட்டவனுக்குத் தபால்தலை கொடுக்கிறாள்.

லாம்பெர்ட்ஸெல் மடத்தை உள்ளே முழுக்கப் படம் எடுத்துப் புத்தகம் போடப்போகிறார்களாம், அதற்கு உன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்களாம். லின்ஸ் போய் வந்தவர்கள் சொன்னார்கள். பெற்றவளுக்கு ஊரார் சொல்லித்தான் தெரிகிறது. இருக்கட்டும், சந்தோஷம். "ஏன், ஆம்பளை யாரும் கிடைக்கலையாமா?" என்று பிர்கர் அம்மாள் கேட்டாள். நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "அவளுக்குப் புருஷனா, புள்ளையா? எத்தனை நாள் வேணும்னாலும் தங்குவா. அதான் கூப்பிட்டிருப்பாங்க" என்றேன்.

உன் தம்பி லோரென்ஸ் அங்கேதான் இருக்கிறான் என்பது உனக்கு மறந்திருக்காது. அவன் மடத்தில் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. இனி நான் பஸ் ஏறிப் போய் அவனைப் பார்க்கிற நிலையில் இல்லை. எனக்கு ஒரே ஒரு படம் வேண்டும். அவன் நிற்க வேண்டும், முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். தூண், படிக்கட்டு, தங்கமுலாம் எதுவும் எனக்கு வேண்டாம். போன வருஷம் நீ அனுப்பிய காலண்டரில் பன்னிரண்டு மாசமும் புரட்டினேன், ஒரு மனுஷ முகம் இல்லை.

அவன் உன்னோடு பேசுவதில்லை என்று தெரியும். அதற்கு நான் என்ன செய்ய? படம் எடுக்கப் பேச வேண்டியதில்லையே.

குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொள்.

உன் அம்மா


லாம்பெர்ட்ஸெல் மடம்,
14 மார்ச் 1961

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் லின்ஸ் முகவரிக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு இங்கே வந்தது. டாக்டர் சொன்னதைப் படித்தேன். வேலையை விட்டுவிட்டு வரட்டுமா? ஒரு வரி எழுதினால் போதும், வந்துவிடுகிறேன்.

விருந்தினர் பகுதியில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வெளியைவிட அதிகக் குளிர். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் சிலைகளுக்கெல்லாம் தவக்கால வழக்கப்படி ஊதாத் துணி போர்த்திவிடுவார்கள். அதனால் கோயிலை ஈஸ்டருக்குப் பிறகுதான் எடுக்க முடியும். அதுவரை நூலகம், பெரிய படிக்கட்டு, விருந்து மண்டபம். மின்விளக்கு வைக்க அனுமதி இல்லை, கம்பிகள் பழசு, நெருப்புக்குப் பயப்படுகிறார்கள். ஜன்னல் வெளிச்சத்தை நம்பித்தான் எல்லாம். மேகம் வந்தால் காமிராவை மூடிவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். என் காமிராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். கூரை ஓவியத்தில் சிறகு விரித்து மேலே மேலே ஏறுகிற சம்மனசுகள் கறுப்புத் துணிக்குள் பார்த்தால் கூட்டமாக வந்து விழுகிறார்கள்.

மடாதிபதி நல்லவர்தான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "மனுஷங்க வேண்டாம்மா. ஆள் வந்தா புத்தகம் சீக்கிரம் பழசாயிடும்." உங்கள் உடல்நிலையைச் சொல்லி, லோரென்ஸை மட்டும் ஒரு படம் எடுக்கக் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார்.

லோரென்ஸைப் பார்த்தேன். எனக்குக் கதவு திறந்துவிட அவனைத்தான் போட்டிருக்கிறார்கள். சாவிக்கொத்தோடு வந்து நின்றான்.

"வணக்கம், போட்டோக்காரம்மா. எந்தக் கதவு வேணும்னு சொல்லுங்க, திறக்கிறேன்."

"டேய், நான் ஹேடிடா."

"இங்க என் பேரு பிளாசிடுஸ். நூலகத்துல பதினொரு மணிக்கு மேல வெயில் வரும்."

அவ்வளவுதான். அவன் துறவியாக வார்த்தைப்பாடு கொடுத்த அன்று நான் வராததில் கோபம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வேறு ஏதாவது இருந்தால் உங்களுக்குத் தெரியுமே. சொல்லுங்கள்.

அன்புடன்,
ஹேடி


மாதா துணை

ரீட்,
18 மார்ச் 1961

அன்பு மகள் ஹேடிக்கு,

அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளத் தவிக்கிறேன், நீ வெயில் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதுகிறாய். இளைத்திருக்கிறானா? கன்னம் ஒட்டியிருக்கிறதா? முடி கொட்டிவிட்டதா? அவன் அப்பாவுக்கு முப்பதிலேயே கொட்டியது.

நீ இங்கே வர வேண்டாம். வந்து என்ன செய்வாய்? உனக்கு சூப் வைக்கவும் தெரியாது, நோயாளி பக்கத்தில் சும்மா உட்காரவும் தெரியாது. பிர்கர் அம்மாள் இருக்கிறாள். நீ அங்கே இருப்பதுதான் எனக்கு உபயோகம்.

வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாயே. நீ செய்தது உனக்கே தெரியும். அவன் அதை மன்னித்துவிட்டதாகத்தான் எனக்கு எழுதுகிறான். மன்னிப்பது வேறு, பேசுவது வேறு. அவன் மனசைக் கிளறாதே. படத்தை மட்டும் எடு.

உருளைக்கிழங்குகூட இப்போது இறங்குவதில்லை. பால் மட்டும்தான்.

உன் அம்மா


லாம்பெர்ட்ஸெல்,
22 மார்ச் 1961

அம்மாவுக்கு,

நீங்கள் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். இளைக்கவில்லை. முடி இருக்கிறது. கை வெடித்திருக்கிறது, குளிர்நீரில் வேலை செய்கிறான்போல. சிரிக்கும்போது இன்னும் இடது பக்கம்தான் வாய் கோணுகிறது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தோட்ட வேலை பார்க்கும் துறவி ஒருவரைப் பார்த்துச் சிரித்தான்.

நேற்று நூலகத்தின் மேல்மாடத்தில் வேலை. ஒரு மூலை இருட்டாக இருந்தது. அங்கே வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை யாராவது விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். லோரென்ஸைத் தவிர யாரும் இல்லை. விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஓட முடியாது. நான் கேட்டேன்.

"நான் உனக்கு என்னடா செஞ்சேன்?"

"கை வலிக்குது. சீக்கிரம் எடுங்க."

"சொல்லாம எடுக்க மாட்டேன்."

அப்புறம் சொன்னான், விரிப்புக்குப் பின்னாலிருந்து. முகம் எனக்குத் தெரியவில்லை. "பேக்கரி விம்மர்கிட்ட போய், என் தம்பிக்கு அப்பாவோட நெஞ்சு நோய் வந்திருக்கு, ரத்தம் துப்புறான்னு சொன்னது யாரு? மறுநாள் ரோமானாவை பஸ்ஸா ஊருக்கு அனுப்பிட்டாங்க. அவங்கப்பா என்னைக் கடை வாசப்படி ஏற விடலை. ரொட்டியைக் கையால தொடாதேன்னு தெருவுல வச்சுக் கத்தினாரு."

"நான் அப்ப சால்ஸ்பர்க் ஸ்டுடியோவுல வேலை கத்துக்கிட்டிருந்தேன். ரோமானான்னு ஒரு பொண்ணு உனக்கு இருந்ததே இப்பதான் தெரியும்."

"அம்மா அழுதுக்கிட்டே சொன்னாங்க. ஈஸ்டருக்கு நான் வீட்ல இல்லாதப்ப நீ வந்து, அவர்கிட்ட சொல்லிட்டுப் போனியாம்."

அந்த ஈஸ்டருக்கு நான் வரவேயில்லை, அம்மா. உங்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சலில் கிடந்தேன். வரவில்லையே என்று நீங்கள் எனக்குத் திட்டி எழுதினீர்கள்.

விம்மர் வீட்டுக்குப் போனது யார்?

ஹேடி


மாதா துணை

ரீட்,
பெரிய வியாழன், 30 மார்ச் 1961

ஹேடிக்கு,

நான்தான் போனேன். இப்போது திருப்தியா?

உனக்குச் சில விஷயம் தெரியாது, தெரிந்துகொள்ள நீ வீட்டில் இருந்ததும் இல்லை. போர் முடிந்து உன் அப்பா ருஷியாவில் சிறையில் கிடந்தபோது நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். இவரைத் திருப்பிக் கொடு, என் மகனை உனக்குக் கொடுக்கிறேன் என்று. திருப்பிக் கொடுத்தாள். வந்தார், இரண்டு வருஷம் இருமினார், போய்விட்டார். அதற்காக வாக்கு இல்லையென்று ஆகிவிடுமா? சாமிக்கு நேர்ந்துவிட்ட பிள்ளையை ஒரு பேக்கரிக்காரன் மகள் மாவுக்கையோடு தூக்கிக்கொண்டு போக விடுவேனா?

ஏன் உன் பேரைச் சொன்னேன் என்று கேட்பாய். அவன் யார்மேலாவது கோபப்படத்தானே செய்வான்? என்மேல் கோபப்பட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? உன்மேல் கோபப்பட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? நீ எப்படியும் போனவள். பதினேழு வயசில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது திரும்பிப் பார்த்தாயா? அவன் நின்று அழுதான். உண்மையைச் சொன்னால் உன்னை நான் வேண்டிக்கொண்டு பெறவில்லை. நீயாக வந்தாய், நீயாகப் போனாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இதை அவனிடம் சொல்லத் துணியாதே. இப்போது அவன் குரு. பூசை வைக்கிறான். அவன் சாமிக்குக் கொடுத்த வாழ்க்கை ஒரு பொய்யின்மேல் நிற்கிறது என்று சொல்லி அவனைக் கொல்ல வேண்டுமென்றால் சொல். அப்போது நெஞ்சு நோய் என்று சொன்ன என்னைவிட நீ பெரிய பாவி.

மடாதிபதி அனுமதி கொடுத்தாரா? படம் என்ன ஆயிற்று?

அம்மா


லாம்பெர்ட்ஸெல்,
9 ஏப்ரல் 1961

அம்மாவுக்கு,

அனுமதி கிடைத்தது. ஈஸ்டர் முடிந்து சிலைகளின் துணியை எடுத்துவிட்டார்கள். கோயில் வேலை தொடங்கிவிட்டது. இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். உட்கார்ந்து பாருங்கள், பிர்கர் அம்மாளை விளக்கை அருகில் வைக்கச் சொல்லுங்கள்.

பெரிய பீடம். இரண்டு பக்கமும் முறுக்குத் தூண்கள். பளிங்கு என்று எல்லாரும் நினைப்பார்கள், சுண்ணாம்பில் வண்ணம் கலந்து தேய்த்து வைத்தது. தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும். மேலே மாதா பரலோகம் ஏறுகிறாள். தங்கக் கதிர்களுக்குப் பின்னால் மஞ்சள் கண்ணாடி ஜன்னல். அந்த வெளிச்சத்தைப் பிடிக்க ஒரு வாரம் காத்திருந்தேன். நான் எடுத்ததில் மிக நல்ல படம் இதுதான்.

லோரென்ஸ் இதில் இருக்கிறான். கடைசிவரை பீடத்தின் முன்னால்தான் இருந்தான். இந்த இருட்டில் காமிராவின் கண்ணை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அசையாமல் இருப்பது மட்டும்தான் பதியும். நடந்துகொண்டே இருப்பவன் எங்கும் தங்க மாட்டான். நான்தான் அவனிடம் சொன்னேன், "நிக்காதே, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடந்துகிட்டே இரு" என்று. ஏன் என்று கேட்கவில்லை, நடந்தான். தேடிப் பாருங்கள்.

அதற்கு முன்பு கண்ணாடித் தகட்டில் இன்னொரு படமும் எடுத்தேன். அதில் நிற்கிறான். நேராகக் காமிராவைப் பார்க்கிறான். கண் இமை முடிகூடத் தெரிகிறது. கழுவிக் காயவைத்து என் அறையில் வைத்திருக்கிறேன். விம்மர் வீட்டுக்குப் போனது நான் என்று நீங்கள் உங்கள் கையால் அவனுக்கு ஒரு வரி எழுதுங்கள். அது அவன் கைக்கு வந்த அன்றே அந்தப் படம் உங்களுக்குப் புறப்படும்.

நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. நீங்களே சொல்ல வேண்டும்.

ஹேடி


மாதா துணை

ரீட்,
17 ஏப்ரல் 1961

மகள் ஹேடிக்கு,

அந்தப் படத்தில் என் மகனைத் தேடினேன். நாள் முழுக்கத் தேடினேன். பிர்கர் அம்மாள் பூதக்கண்ணாடி கொண்டுவந்தாள். படிக்கருகே புகை மாதிரி ஏதோ இருந்தது, அதுதான் என்றாள். அதை முத்தமிட்டேன். பிறகு அது கறை என்று தெரிந்தது.

நீ சொன்னபடி கடிதம் எழுதினேன். அவனுக்கு இல்லை, மடாதிபதிக்கு. சாகக் கிடக்கும் தாய்க்குப் படம் கொடுக்க மகள் பேரம் பேசுகிறாள், என் பிள்ளையை ஒரு நாள் அனுப்பிவையுங்கள் என்று எழுதினேன். அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை வந்தான். அங்கியோடு வாசலில் குனிந்து நுழைந்தான். வீடே நிறைந்துவிட்டது, ஹேடி. என் பக்கத்தில் உட்கார்ந்து பாலைக் கரண்டியால் ஊட்டினான். எல்லாம் அமைதியான பிறகு கேட்டான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி.

"அம்மா, விம்மர் வீட்டுக்குப் போனது யாரு?"

"உங்கக்காதான்பா. சாகப்போறவ பொய் சொல்வேனா?"

"சரிம்மா" என்றான். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நம் பங்குச் சாமியும் இருந்தார். பெற்ற பிள்ளை கையாலேயே எண்ணெய் பூசி, சாகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் வாங்கினேன். எந்தத் தாய்க்குக் கிடைக்கும்? மறுபடியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

உன் தகட்டை நீயே வைத்துக்கொள். எனக்கு நிஜமே வந்துவிட்டது.

அம்மா


லாம்பெர்ட்ஸெல்,
22 ஏப்ரல் 1961

அம்மாவுக்கு,

இதை எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் எனக்கு எழுதும்போது அப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

லோரென்ஸ் திரும்பி வந்ததும் நேரே கோயிலுக்கு வந்தான். நான் பாடகர் மாடத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் துணிக்குள் இருந்தேன். அவன் குரல்தான் முதலில் கேட்டது.

"அக்கா."

ஒன்பது வருஷம் கழித்து. துணியைவிட்டு வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அம்மா நீதான்னு சொல்லிட்டாங்க" என்றான்.

"நீ நம்பினியா?"

"இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும். நான் வார்த்தைப்பாடு கொடுத்து முடிச்ச மறு வருஷம் ரோமானா இங்க பூசைக்கு வந்தா, கைக்குழந்தையோட. உங்கம்மாதான் எங்க வீட்டுக்கு வந்தாங்கன்னு அவளே சொன்னா."

"தெரிஞ்சும் ஏண்டா என்கிட்ட பேசலை?"

"அம்மாவை வெறுத்துட்டு எப்படிப் பூசை வைக்கிறது? யாரையாவது வெறுக்க வேண்டியிருந்தது. நீ தூரத்துல இருந்த. உன்னை வெறுக்கிறது சுலபமா இருந்தது, அக்கா. பழகிப்போச்சு."

அம்மா, நீங்கள் எழுதியதும் இதேதான். யாருக்கு என்ன நஷ்டம் என்று. அவன் உங்கள் பிள்ளைதான். சந்தேகமே வேண்டாம்.

நூலகத்தில் விரிப்பைப் பிடித்துக்கொண்டு என்னைக் குற்றம் சொன்னானே, அதுகூட நான் உங்களுக்கு எழுதுவேன் என்று தெரிந்துதான். சாவதற்குள் நீங்களாக ஒரு முறை சொல்லிவிட மாட்டீர்களா என்று பார்த்தானாம். நான் நடுவில் ஒரு குச்சி. உங்களைக் குத்தி எழுப்ப.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும் அதற்காகத்தான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே உங்கள் மடியில் விழுந்து அழுதிருப்பேன் என்றான். எண்ணெய் பூசும்போது கண்ணில் பூசினான், காதில் பூசினான். வாயால் செய்த பாவங்களை ஆண்டவர் மன்னிப்பாராக என்று உதட்டில் பூச வேண்டிய இடத்தில் கையை நிறுத்தினானாம். உங்களுக்கு இன்னும் ஒரு நிமிஷம் கொடுத்தானாம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, பூசட்டும் என்று உதட்டைக் குவித்துக் காட்டினீர்களாம்.

பூசிவிட்டான். அது அவன் கடமை.

இனி வரமாட்டான். மடாதிபதியே இன்னொரு முறை போய் வா என்றார். பாட்டுப் பயிற்சி இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அடக்கத்துக்கும் பங்குச் சாமியையே வைத்துக்கொள்ளச் சொன்னான்.

அந்தத் தகட்டை உங்களுக்கு அனுப்பலாம் என்று அவனிடம் கொடுத்துக் கேட்டேன். ஜன்னலில் தூக்கிப் பிடித்துத் தன் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை விட்டான். கல் தரை. "தவறிடுச்சு" என்றான். தவறவில்லை. துண்டுகளை நான் பொறுக்கினேன், அவன் நின்றுகொண்டிருந்தான். பொறுக்கி முடிந்ததும், "வடக்குக் கதவைப் பூட்டணும். முடிஞ்சுதா, போட்டோக்காரம்மா?" என்றான்.

அக்கா என்று ஒரே ஒருமுறைதான் கூப்பிட்டான். அதுவும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பதற்காக.

வேலை முடிந்துவிட்டது. நாளை லின்ஸ் போகிறேன். நீங்கள் கூப்பிட்டால் இப்போதும் வருவேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஹேடி


மாதா துணை

ரீட்,
27 ஏப்ரல் 1961

ஹேடிக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

லோரென்ஸ் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். பிர்கர் அம்மாளை வைத்துத் தலை வாரிக்கொண்டேன். தலையில் கட்டப் பச்சைப் பட்டு உருமாலை எடுத்து வைத்திருக்கிறேன். கதவைப் பார்த்தாற்போல் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னேன், தச்சன் வந்து போட்டுவிட்டுப் போனான். பாட்டுப் பயிற்சி என்றெல்லாம் அங்கே ஏதாவது சாக்குச் சொல்வார்கள். தாய்க்காக அதை விட்டுவிட்டு வருவான். எனக்குத் தெரியாதா என் பிள்ளையை?

நீ வர வேண்டாம்.

ஒருவேளை அவன் வராமல் போனால், நீதான் இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி அவன் மனசைக் கெடுத்திருக்கிறாய் என்று பிர்கர் அம்மாளிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அழுதாள். அவள் நம்பிவிட்டாள்.

உன் அம்மா